பிரதுநாமில் சரக்கெடுக்க

“அக்கா, அடுத்த தடவை பாங்காக் போறப்ப நானும் கூட வரட்டுமா?” என்று ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் பக்கத்திலிருந்து யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சின்ன ரெடிமேட் கடை வைத்திருப்பவர்கள், வீட்டு முன்னறையில் ஸ்டாண்டு போட்டு விற்பவர்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன தீபாவளிக்கு எடுத்ததில் எது இன்னும் தொங்குது? டக்கென்று பதில் சொல்கிறவளைக் கூட்டிப்போகலாம். யோசிக்கிறவள் தன் கடையிலேயே இன்னும் கொஞ்ச நாள் உட்காரட்டும்.

ஏனென்றால் பேரம் ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. என் கடை பருத்திப்பட்டில், பூந்தமல்லி போகிற சாலையை ஒட்டி. எங்கள் பக்கம் ஒரு டாப்ஸுக்கு 600 ரூபாய்க்கு மேல் கொடுக்க ஆளில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். வாடகை, கரண்ட், தேங்கப்போகிற உருப்படி, நம் லாபம் எல்லாவற்றுக்கும் 200 கழித்தால் 400. கார்கோ கூலி, சுங்கம் என்று 80 போனால் 320. கணக்குக்கு ஒரு பாட் மூன்று ரூபாய் என்று எடுத்தால் 106 பாட் வரும். ஆக, என் கடைசி விலை 100 பாட். விமானம் ஏறும் முன்பே இந்த எண் நோட்டில் ஏறியிருக்கும். கடைக்காரி 180 சொல்கிறாளா 130 சொல்கிறாளா என்பது என் கவலை இல்லை. “அவ சொன்னதுல பாதி கேட்டேன்க்கா, கொடுத்துட்டா!” என்று குதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எதில் பாதி? கடைக்காரி 300 சொல்லியிருந்தால் 150க்கு வாங்கி வந்து, ஜெயித்ததாக நினைத்து, ஆவடியில் விற்க முடியாமல் திண்டாடியிருப்பார்கள்.

இந்தப் பின்கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர் பர்மா பஜாரில் கடை வைத்திருந்த ஒரு பாய். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நம் ஜனங்கள் பிழைக்க 1969-இல் ராஜாஜி சாலையோரம் போட்டுக்கொடுத்த கடைகள் அவை. பாய் ரங்கூனில் பிறந்து, சின்னப் பையனாகக் கப்பலில் வந்து இறங்கியவர். பத்துப் படிக்காதவர். அவர் சரக்கெடுப்பதைப் பார்ப்பதே ஒரு படிப்பு. வேண்டிய சரக்கை அவர் பார்க்கவே மாட்டார். கண் எதிர்க்கடையில் இருக்கும், இடது கை மட்டும் அடுக்குக்குள் போகும். கட்டைவிரல் நகத்தை அக்குள் தையலின் மேல் மெதுவாக ஓட்டுவார். எங்கே நூல் தாவியிருக்கிறதோ அங்கே நகம் நிற்கும். அடுத்த அடுக்குக்குப் போய்விடுவார். “தங்கச்சி, கண்ண அந்தாண்ட வை. நீ பாத்தா அவ உன்னப் பாத்துடுவா” என்பார். எண்ணுவதும் கையிலேயே. கட்டைவிரலை மற்ற நாலு விரல்களின் கணுக்களில் வைத்துக்கொண்டே வந்தால் பன்னிரண்டு. ஒரு கை ஒரு டஜன். கடைப் பையன் பேசிப் பேசிக் குழப்பினாலும் அவர் எண்ணிக்கை தவறாது.

துணியைக் கையால் பார்ப்பதற்கு நான் சேர்த்துக்கொண்டவை சில. பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு தையல் டேப். கறுப்பு, மெரூன், நேவி ப்ளூ என்றால் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து உள்மடிப்பில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். சாயம் ஒட்டினால் வேண்டாம். நம் மே மாத வேர்வையில் அது உள்பாடியில் இறங்கிவிடும். கழுத்தை இரண்டு கையாலும் இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டும், ஒரு முறை ஓடினால் போதாது. உள்பக்கம் திருப்பி ஓவர்லாக் பார்க்க வேண்டும். அடுத்தது அளவு. தாய்லாந்துக்காரர்கள் ‘ஃப்ரீ சைஸ்’ என்று போடுவது அவர்கள் உடம்புக்கு. மேஜையில் பரப்பி அக்குளுக்கு அக்குள் டேப் வைத்தால் பெரும்பாலும் 17, 18 அங்குலம்தான் வரும். அதாவது மார்பளவு 34, 36. என் கடையில் ஓடுவது 38 முதல் 42. திருமுல்லைவாயல் பெண் ஒருத்தி முதல் பயணத்திலேயே அழகழகாக ஃப்ரீ சைஸ் எடுத்து வந்தாள். எல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்கு மட்டும் போனது. அவள் கடைக்கு வருவதோ அம்மாக்கள்.

எங்கள் பக்கம் இன்னொரு தொந்தரவும் உண்டு, எனக்கு அதில் பெருமையும்தான். ஆவடியில் 1961 முதல் படையினருக்கு உடை தைக்கும் ஓசிஎஃப் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே மெஷினில் உட்கார்ந்தவர்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள்தான் வாடிக்கை. துணியைக் கையில் எடுத்ததும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார்கள். இவர்களிடம் மட்டச் சரக்கு செல்லாது.

சரி, பாங்காக்கின் பிரதுநாம். பேட்சபுரி சாலையில் பையோக் கோபுரத்தைச் சுற்றிய சந்துகளும், எதிரே பிளாட்டினம் ஃபேஷன் மாலும் ரெடிமேடுக்கு மொத்தச் சந்தை. இங்கே ரங்கநாதன் தெரு வித்தை செல்லாது. விலையைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்து நாலடி நடந்தால் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், கூப்பிட மாட்டார்கள். ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் மொத்த விலை என்பது பொதுவான வழக்கம். பல கடைகளில் எழுதியே தொங்கவிட்டிருப்பார்கள். ஆறு, பன்னிரண்டு என்று ஏறும்போதுதான் வாய் திறக்க இடம் கிடைக்கும். ஆகவே முதல் கேள்வி விலை பற்றி இருக்கக்கூடாது. ‘நிறம் கலந்து எடுக்கலாமா, மாடல் கலக்கலாமா?’ என்று கேளுங்கள். கலக்கலாம் என்று அவள் தலையசைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே மாடலில் ஒரு டஜன் எடுத்து ஒரே தெருவில் நாலு பேர் ஒரே டாப்ஸ் போட்டு நடந்தால் ஐந்தாவது ஆள் கடைக்கு வரமாட்டாள்.

பேச்சு கால்குலேட்டரில் நடக்கும். அவள் தட்டிக் காட்டுவாள், நாம் தட்டிக் காட்ட வேண்டும். மணப்பாறை, பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அதே சங்கதி: பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது. அதனால் எண்ணைக் கத்திச் சொல்லாதீர்கள். ‘தாவ் ராய் கா’ என்றால் எவ்வளவு, ‘லொத் தை மை கா’ என்றால் குறைக்க முடியுமா. இந்த இரண்டும் சிரிப்பும் போதும். கோபம் காட்டுவது, ‘அந்தக் கடையில் இதைவிடக் கம்மி’ என்று சரக்கைத் தூக்கிப் போடுவது எல்லாம் அந்த ஊரில் பெரிய அநாகரிகம். ஒரு எண்ணைத் தட்டினால் அது நம் வாக்கு. அவள் சரி என்றுவிட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். சும்மா ஆழம் பார்க்கத் தட்டிவிட்டு நழுவிய பெண் ஒருத்திக்காக, எனக்குப் பழக்கமான கடையில் நான் அடுத்த முறை மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. இன்னொன்று: ரூபாய் நோட்டு பறந்தால் நாம் டக்கென்று காலால் அமுக்குவோம். அங்கே நோட்டில் ராஜா படம் இருக்கிறது. குனிந்து கையால் எடுங்கள்.

காலையிலேயே போய்விடுவேன். அங்கேயும் போணி உண்டு. முதல் விற்பனைக் காசை வாங்கியதும் கடைக்காரி அந்த நோட்டால் தொங்குகிற உடுப்புகளையெல்லாம் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போவாள். நம் ஊரில் கண்ணில் ஒற்றிக்கொள்வது போலத்தான். அந்த நேரத்தில் அவளுக்கு ஆளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. ஐந்து பத்து பாட் இறங்குவாள். அதற்காகப் போணி நேரத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்கக்கூடாது. பாய் கேட்கமாட்டார், நானும் கேட்பதில்லை. எடுத்த சரக்கைப் பையில் போட்டதும் கடை அட்டையை வாங்கிப் பின்பக்கம் மாடலையும் விலையையும் எழுதிக்கொள்வேன். மாடி மாடியாக ஒரே மாதிரிக் கடைகள். எழுதாவிட்டால் மறுபடி கண்டுபிடிக்க முடியாது. மறுபடி போவதில்தான் விஷயமே இருக்கிறது. முகம் பழகிவிட்டால் பேரமே குறைந்துவிடும். அவளே குறைந்த எண்ணைத் தட்டி நீட்டுவாள்.

ஃபேன்ஸி சாமானுக்கு, சைனாடவுனான யாவரத் பக்கம் சாம்பெங் சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும், நடுவே தள்ளுவண்டி வேறு வரும். கிளிப், ரப்பர் பேண்டு, ரிப்பன், மணி எல்லாம் டஜன், கட்டுக் கணக்கு. கட்டைப் பிரித்து எண்ணிப் பார்ப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கிளிப்பின் ஸ்பிரிங்கை நாலு முறை அமுக்கிப் பாருங்கள். பூச்சு வைத்தது என்றால் அதே வெள்ளைக் கைக்குட்டையில் உரசுங்கள்.

அங்கிருந்து நடந்தால் பாஹுரத். சீக்கியர்களின் துணிக்கடைகள் நிறைந்த தெரு, பெரிய குருத்வாரா இருக்கிறது. ஹிந்தி தெரிந்தால் பிழைத்தீர்கள். அங்கே விலை கெஜத்துக்குச் சொல்வார்கள், சென்னைக் கோடவுன் தெரு துணிக்கடைப் பழக்கத்தில் நாம் அதை மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். கெஜம் 36 அங்குலம், மீட்டர் 39 அங்குலத்துக்கும் மேல். 100 கெஜம் எடுத்தால் வீட்டில் அளக்கும்போது 91 மீட்டர் சொச்சம்தான் நிற்கும். ‘சென்னையைவிட எட்டு சதவீதம் கம்மி’ என்று வாங்கியவர் உண்மையில் கூடக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கெஜம் என்றுதான் சொன்னார்.

மற்ற ஊர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சிங்கப்பூர் முஸ்தஃபாவில் பேரமே கிடையாது, ஒட்டியிருக்கிற விலைதான். கோலாலம்பூர் பெட்டாலிங் தெருவில் சுற்றுலாக்காரர்களுக்கு ஏற்றித்தான் சொல்வார்கள், பாதிக்கும் கீழே தொடங்கலாம். கொழும்பு புறக்கோட்டையில் தமிழிலேயே பேசலாம் என்பதால் கொஞ்சம் மெத்தனமாகிவிடுவோம், கவனம். பாங்காக் சதுசக் சனி ஞாயிறுச் சந்தை பார்க்க அருமை, ஆயிரக்கணக்கான கடை. ஆனால் கடைக்குச் சரக்கெடுக்க நான் அங்கே போவதில்லை, வீட்டுக்கு வாங்கப் போவேன். நேரம் மிஞ்சினால் சீலோம் சாலையில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். இரண்டு நாள் தாய் மொழியில் தலையாட்டிவிட்டு அங்கே உட்கார்ந்தால் காது குளிரும்.

சரக்கைக் கொண்டுவருவதில்தான் புதியவர்கள் பெட்டியை நம்புகிறார்கள். பெட்டியில் சரக்குச் சுமக்கும் ‘குருவி’யாகப் போய்வந்த காலக் கதைகளைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம். பயணிக்குத் தரும் சுங்கச் சலுகை சொந்த உபயோகத்துக்கும் பரிசுக்கும்தான். ஒரே டாப்ஸ் முப்பது இருந்தால் பெட்டியைத் திறக்கிற அதிகாரிக்கு விளக்கம் தேவையில்லை. முறையாக இறக்குமதி-ஏற்றுமதிக்கான ஐஇசி எண் வாங்கி, கார்கோவில் அனுப்புங்கள், பான் எண்ணையே ஐஇசியாகத் தருகிறார்கள். பில்லில் விலையைக் குறைத்துப் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆசியான் நாடுகளோடு 2010-இல் நடப்புக்கு வந்த ஒப்பந்தத்தால் தாய்லாந்தில் செய்த சரக்குக்கு வரிச் சலுகை உண்டு. ஆனால் அதற்கு அந்த நாட்டில் செய்தது என்ற சான்று வேண்டும். சந்துக்கடையில் அது கிடைக்காது, சாம்பெங் சரக்கில் பாதிக்கு மேல் சீனாவிலிருந்து வந்ததாகத்தான் தெரிகிறது. பொம்மையைத் தொடவே வேண்டாம். 2021 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை உள்ளே விடமாட்டார்கள்.

மூட்டை வந்து சேர்ந்ததும் கார்கோ ஏஜெண்டின் ஆள் நிற்கும்போதே பிரித்து எண்ணுங்கள். மடிப்பில் ஈரம் இருந்தால் கொடியில் போட்டுக் காற்றாட விடுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் முதல் விலையை மறைகுறியாகச் சீட்டில் எழுதி உள்பக்கம் குத்திவிட்டால், கடையில் இருக்கிற பெண் அசலுக்குக் கீழே இறங்கமாட்டாள். ஆடிக்குள் போகாததை அசலுக்கே தள்ளிவிடுங்கள். ஆவணி முகூர்த்தச் சரக்குக்கு ஸ்டாண்டில் இடம் வேண்டும்.