ஸ்பீக்கர் இல்லாத ஜெபம்



போன மாதம் வானகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஜெபக்கூட்டம். தெருவில் பந்தல், இரண்டு ஸ்பீக்கர். எதிர்வீட்டு அம்மா வந்து, "டீச்சரம்மா, பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்றீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஜெபிக்கக்கூட உரிமையில்லையா என்று வக்கீலாக இருக்கும் என் தம்பி மகனிடம் பொருமினேன்.

அவன் சொன்னது நம்ம மாதவரத்து வழக்கு. ஒரு சபையின் சத்தம் தாங்காமல் குடியிருப்போர் சங்கம் நீதிமன்றம் போயிருக்கிறது. சிறுபான்மையினர் என்பதால்தான் இந்தப் புகார் என்றது சபை. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து ஜெபிக்கச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் வழிபாட்டு உரிமையும் பொது ஒழுங்குக்கு உட்பட்டதே. கோயில், மசூதி, சர்ச் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பகலிலும் எழுத்தில் அனுமதி வேண்டும்.

"நீங்க வாங்கினீங்களா அத்தை?" என்றான். வாங்கவில்லை.

"பக்கத்து கிளாஸில் பாடம் நடக்குது, மெதுவா" என்று உங்களை எத்தனை முறை அதட்டியிருப்பேன்! எதிர்வீட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த வாரம் கூட்டம் ஹாலுக்குள், ஸ்பீக்கர் இல்லாமல். அந்தப் பிள்ளையின் பரீட்சைக்காகவும் ஜெபித்தோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்