இடது மூலையில் ஓர் எண்

அச்சு ஓவியம் வாங்க வருகிறவர்களைக் கண்காட்சிகளில் கவனித்திருக்கிறேன். படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதன் இடது கீழ் மூலைக்குக் குனிந்துவிடுவார்கள். அங்கே பென்சிலில் 7/50 என்று இருக்கும். வலது மூலையில் ஓவியரின் கையெழுத்து. "ஒன்றாம் நம்பர் கிடைக்குமா?" என்று கேட்கிறவரும் உண்டு. ஏழு என்றால் ஏழாவதாக அச்சானது என்று அர்த்தமில்லை. தாள்கள் காய்ந்தபின் கையெழுத்துப் போட உட்காரும்போது எது எந்த வரிசையில் கைக்கு வந்ததோ, பல நேரம் அதுதான் எண்.

ஐம்பது பிரதிகளோடு நிறுத்திக்கொள்ளும் இந்த வரையறைக்கு நியாயமான காரணமும் உண்டு. செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறினால் கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும். மையைப் பிடித்துவைத்துக் கோட்டுக்குக் கனத்த கருமையைத் தருவது அந்தப் பிசிறுதான். பிரஸ்ஸின் அழுத்தத்தில் சில பத்துத் தாள்களுக்குள் அது நசுங்கிப்போகும். போதும் என்று தகடே சொல்லிவிடும். ஸ்கிரீன் பிரிண்டில் நூறோடு நிறுத்துவது பெரும்பாலும் ஓவியரும் விற்பவரும் பேசிவைத்துக்கொண்ட கணக்கு. ஏற்கெனவே தீட்டிய ஓவியத்தை ஸ்கேன் செய்து, இங்க்ஜெட்டில் எடுத்து, 'லிமிடெட் எடிஷன்' என்று விற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

அச்சு ஓவியர் கிருஷ்ணா ரெட்டியின் படங்கள் வேறு கதை. சித்தூர் மாவட்டத்து நந்தனூரில் 1925இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். நம் கலாக்ஷேத்ராவில் சிறிது காலம் ஓவியம் கற்பித்துவிட்டு லண்டன் போனார், அங்கிருந்து பாரிஸ். அங்கே ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டரின் 'அத்தெலியே 17' பட்டறை அவரை இழுத்துக்கொண்டது. ஹெய்ட்டர் வேதியியல் படித்தவர், அபாதானில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுக் கலைக்கு வந்தவர். எண்ணெயின் குணத்தை நம்பியே நிற்கும் ஓர் அச்சுமுறை அவர் பட்டறையில் உருவானது பொருத்தம்தான்.

வழக்கமாகப் பல வண்ணம் வேண்டுமென்றால் நிறத்துக்கு ஒரு தகடு செய்து, அதே தாளை இம்மி பிசகாமல் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஹெய்ட்டர், ரெட்டி, கைகோ மோதி ஆகியோர் வளர்த்தெடுத்த விஸ்காசிட்டி முறையில் ஒரே தகடு, ஒரே ஓட்டம். அமிலத்தாலும் கருவிகளாலும் தகட்டை மேடும் பள்ளமுமாகக் குடைவார்கள். ரெட்டி சிற்பியும்கூட, அவர் தகடே ஒரு புடைப்புச் சிற்பம்தான். ஆளிவிதை எண்ணெய் தாராளமாகக் கலந்த இளகிய மையைக் கடினமான ரோலரால் உருட்டினால் அது மேடுகளை மட்டும் தொடும். அடுத்து, எண்ணெய் குறைந்த கெட்டி மையை மெத்தென்ற ரோலரில் எடுத்து அழுத்தி உருட்டினால் பள்ளத்திலும் இறங்கும். ஆனால் மேட்டில் முன்பே இருக்கும் இளகிய மையின் மேல் அது ஒட்டாது, விலகிப்போகும். இரண்டு நிறமும் அக்கம்பக்கமாக, கலக்காமல் நிற்கும். வரிசையை மாற்றிக் கெட்டி மையை முதலில் உருட்டிவிட்டால், இளகியது அதன்மேல் ஏறிக்கொள்ளும். நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகும். இதைச் செய்துகாட்டியவர் ஒருவர் சொன்னார்: சென்னை வெயிலில் கெட்டி மையே தானாக இளகிவிடுமாம். காலையில் பழகிய கணக்கு மதியம் உதவாது.

ஒவ்வொரு தாளுக்கும் இத்தனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆகவே 1963இல் ரெட்டி செய்த 'நீர்ச்சுழல்' போன்ற ஒரு படத்தின் இரண்டு பிரதிகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பது அரிது. சுழலில் தண்ணீரையே அவர் வரைவதில்லை. தண்ணீரைப் பிடித்து இழுக்கும் விசை மட்டும் கோடுகளாகக் கீழே இறங்குகிறது. பின்னாளில் கோமாளி உருவத்தை வைத்துச் செய்த தகட்டையும் அவர் நிறம் மாற்றி மாற்றி அச்சிட்டுப் பார்த்தார். தகடு அவருக்கு நகலெடுக்கும் கருவியாக இருந்ததாகத் தெரியவில்லை. மறுபடி மறுபடி போய் உட்காரும் இடமாக இருந்திருக்கிறது.

வாங்கும் வசதி எனக்கு வாய்த்தால், ஏழையும் முப்பத்தொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி, எதில் நிறம் நன்றாக விழுந்திருக்கிறதோ அதைக் கேட்பேன். காலரிக்காரரிடம் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும்.