மறுக்கும் முன் முழுசாகச் சொல்

சென்னை யானைக்கவுனியில் பிறந்து வளர்ந்தவர்களிடம் வால்டாக்ஸ் (சுவர் வரி) ரோட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேளுங்கள். "வெள்ளைக்காரன் சுவர் கட்ட நம்மகிட்ட வரி புடுங்கினான், அதான்" என்பார்கள். எங்கள் தெருவில் பி.ஏ. வரலாறு படிக்கும் பெண்ணுக்கு, ஊரில் வழங்கும் ஒரு வாதத்தை எடைபோட்டுக் கட்டுரை எழுதும்படி கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அவள் இதையே எடுத்துக்கொண்டாள். தங்கசாலைப் பக்கத்து அச்சகங்களில் புரூஃப் திருத்தியே காலம் தள்ளியவன் நான் என்பதால், பிழை பார்க்க என்னிடம் கொண்டுவந்தாள்.

சந்திப் பிழை அதிகமில்லை. கட்டுரைதான் நிற்கவில்லை. முதல் வரியிலேயே 'இது அறியாமையில் பிறந்த கட்டுக்கதை' என்று தீர்ப்பு எழுதிவிட்டு, மீதிப் பக்கங்களில் அதையே வேறு வேறு சொற்களில் திருப்பிச் சொல்லியிருந்தாள். நம்புகிறவர்கள் எதனால் நம்புகிறார்கள் என்று ஒரு பத்திகூட இல்லை.

நூல் எழுதுகிறவர் கைக்கொள்ளும் ஏழு மதங்களை, அதாவது கொள்கைகளை, நன்னூலில் பவணந்தி முனிவர் அடுக்குகிறார். பிறர் கொள்கையை முதலில் ஏற்று உரைத்து, பிறகு களைவது அவற்றில் ஒன்று. மணிமேகலையும் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியையும் அவரவர் கொள்கையைச் சொல்லவிட்டுக் கேட்கிறாள். நம் வீட்டிலேயே இருக்கிற இந்தப் பாடத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

"எதிராளி பக்கம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிட்டு வாம்மா" என்றேன்.

"தப்புன்னு தெரிஞ்சதை நான் ஏன் தாத்தா தூக்கிப் பிடிக்கணும்?"

"தூக்கிப் பார்த்தாதான் எங்கே ஒடியுதுன்னு உனக்கே தெரியும்."

அரை மனதோடு போனாள். திரும்பி வந்தபோது கையில் சரக்கு இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை, கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்துக்குள் புகுந்தது; 1759 பிப்ரவரி வரை கோட்டையை முற்றுகையிட்டது. பத்தாண்டு கழித்து, 1769இல், ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து நின்றது. அந்த அச்சத்தில் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் சுவர் எழுப்பும் வேலை பால் பென்ஃபீல்டிடம் ஒப்பந்தமாகப் போனது. அதன் வாசல்களில் ஒன்றுதான் நம் யானைக்கவுனி. செலவை உள்ளே குடியிருந்தவர்கள் தலையில் வரியாகப் போடவும் கிழக்கிந்தியக் கம்பெனி எண்ணியது.

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்ததும், ஊரார் சொல்வதைக் கட்டுக்கதை என்று தள்ள அவளுக்கே மனம் வரவில்லை. ஒடிகிற இடம் ஒன்றுதான். வரி போட நினைத்தார்கள் என்பதற்குச் சாலையின் பெயர் சாட்சி சொல்லும். வசூலித்தார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது. அந்த வரி வசூலிக்கப்படவே இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது, வ.உ.சி. சாலை என்று மாற்றிய பிறகும் பேச்சுவழக்கில் அதுதான் நிற்கிறது.

இதன் பிறகுதான் மெருகேற்றும் வேலை. 'நிச்சயமாக', 'சந்தேகமின்றி', 'அனைவரும் அறிந்தபடி' போன்ற சொற்களைப் பென்சிலால் சுழிக்கச் சொன்னேன். பெரும்பாலும் ஆதாரம் இல்லாத இடத்தில்தான் இவை வந்து உட்காரும். அங்கே ஆதாரம் வைக்க வேண்டும், இல்லையென்றால் வரியையே எடுக்க வேண்டும். பிறகு, 1911இல் கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆன கதைக்கு ஒரு நீண்ட பத்தி. அழகாக எழுதியிருந்தாள், ஆனால் சுவர் வரிக்கும் அதற்கும் ஒட்டில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' இதுதான். அதை எடுக்க அவளுக்கு மனம் கேட்கவில்லை. நன்றாக வந்த பத்தியை வெட்டுவது கஷ்டம்தான். வேறொரு கட்டுரைக்கு வைத்துக்கொள் என்று தனித்தாளில் எழுதிவைக்கச் சொன்னேன். வாய்விட்டுப் படித்ததில் மூச்சு முட்டிய வாக்கியங்கள் தாமாக இரண்டாய்ப் பிரிந்தன.

ஊரார் வாதம் முதல் பக்கத்துக்கு வந்தது, தீர்ப்பு முதல் வரியிலிருந்து கடைசிப் பக்கத்துக்குப் போனது. 'கட்டுக்கதை' என்று எழுதியிருந்தவள், 'வரி போட எண்ணியது உண்மை, வசூலித்தார்கள் என்பது பிழை' என்று எழுதினாள். குரல் தணிந்திருந்தது, கட்டுரைக்குப் பலம் கூடியிருந்தது.

கல்லூரிக்குக் கொடுக்கும் முன் அவள் இன்னொரு காரியமும் செய்தாள். வரி புடுங்கிய கதையைச் சிறு வயதில் தனக்குச் சொன்ன ஆயாவிடமே முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். "ஆமா, நான் சொல்றது இதான்" என்றார் ஆயா. அதன் பிறகே அடுத்த பக்கத்தைப் படித்தாள்.

கட்டுரை எழுதும் பிள்ளைகளே, நீங்களும் அப்படியே செய்யுங்கள். நீங்கள் மறுக்கப்போகிற ஒருவரிடம் முதல் பக்கத்தைக் காட்டுங்கள். தன் வாதம் இதுதான் என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை மறுப்பை எழுதாதீர்கள்.