அம்மா வீடு வரை

கோலாலம்பூரிலுள்ள என் தம்பி, மறுவிற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ் மின்மகிழுந்து வாங்க எண்ணுகிறான். "425 கிலோமீட்டர் ஓடும் எக்ஸ்டிரைவ்40 போதுமா, 630 ஓடும் 50 வேண்டுமா, அக்கா?" என்றான்.

பஹாவ் அருகே தோட்டத்தில் தனித்திருக்கும் அம்மாவைக் கண்டு திரும்ப ஏறத்தாழ 250 கிலோமீட்டர். சிறியதே போதும் போலும். ஆனால், அவை ஆய்வுக்கூட எண்கள்; நெடுஞ்சாலையில் 110 வேகத்தில் சென்றால் குறையும். அம்மா வீட்டுச் சாதாரண மின்செருகியில் இரவு முழுதும் மின்னூட்டினாலும் நூறு கிலோமீட்டர் அளவே சேரும். (இரவானால் மின்னியற்றி நின்றுவிடும் லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள்!)

"நள்ளிரவில் அம்மாவுக்கு முடியவில்லை என அழைப்பு வரும் நாளில் மின்கலம் பாதிதான் இருக்கும். 630-இல் பாதியைக் கணக்கிட்டுப் பார்" என்றேன்.

அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. அம்மாவோ முன்வாசலில் புதுச் செருகி பொருத்த ஆள் சொல்லிவிட்டார்.