நாலு விரல் வீரை

என் அப்பா ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியவர். அவருடைய கத்தியைத்தான் தம்புள்ளைக்கும் கொண்டுபோனேன். தேயிலையில் எங்கே வெட்டுவதென்று அந்தக் கத்திக்கே தெரியும். முட்காட்டில் எதை வெட்டாமல் விடுவதென்று பழக எனக்கு மூன்று மாரி பிடித்தது.

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே 45 கிலோமீற்றர்தான். நாவுல தாண்டியதும் நக்கிள்ஸ் மலையின் ஈரம் பின்தங்கிவிடும். தம்புள்ளையில் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மண் வெடித்துக் கிடக்கும். அங்கே கண்டலமைக்குப் போகும் வழியில், தேயிலைத் துரையாக இருந்த சாம் பொபம் 1963இல் கைவிடப்பட்ட சேனை நிலமொன்றை வாங்கினார். முதலில் கன்றுகள் நட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. பிறகுதான், முட்புதருக்குள் காட்டு மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து மூச்சுமுட்டி நிற்பதைக் கண்டார். புதரை மட்டும் வெட்டி அவற்றுக்கு வெளிச்சம் விட்டார். இன்று அது பொபம் மரச்சோலை. கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. பக்கத்தில் நண்பர் ஒருவரின் காணியில் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன்.

வேலையின் பாதி, கன்றை அடையாளம் காண்பது. பாலையின் இலை நுனியில் சின்னப் பிளவு இருக்கும். கிள்ளினால் பால் வரும். (சங்கப் புலவர் சொன்ன பாலை இதுதானா என்று பெரியவர்கள் வழக்காடட்டும். பழம் தின்றால் உதடு ஒட்டும், எனக்கு அது போதும்.) வீரையின் இலை தடிப்பு, அடிப்பக்கம் ஒருபுறம் சரிந்திருக்கும். முதிரையைக் கசக்கினால் வாசம் வரும். நாயுண்ணியும் நாறும், ஆனால் அதன் இலை சொரசொரப்பு. ஒருமுறை அவசரத்தில் கத்தியை வீசிவிட்டேன். வாசம் எழுந்த பிறகுதான் வெட்டியது முதிரை என்று தெரிந்தது. அன்று முதல் கன்றுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவேன்.

இங்கே வருகிற படித்த பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "இதில் நம் நாட்டுக்கே உரியது எது, ஐயா?" நியாயமான கேள்வி. இலங்கையின் பூக்கும் தாவரங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேறெங்கும் இல்லாதவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஈர வலயத்திலும் மலையிலும்தான். வரண்ட காட்டிலும் அப்படிச் சில உண்டு. கிழக்கின் ஆற்றங்கரைகளில் நிற்கும் வாட்டிக்கா ஒப்ஸ்கூரா அதிலொன்று. மற்றப்படி பாலை, முதிரை, வீரை, கருங்காலி எல்லாம் தமிழ்நாட்டிலும் வளர்பவை. பனியுகங்களில் கடல் வற்றி இரு கரையும் ஒரே தரையாக இருந்தது. வெயிலும் மழையும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். சொந்தக்காரர் அக்கரையிலும் இருக்கிறார்கள் என்பதற்காக வீட்டுப் பிள்ளையை யாரும் கணக்கிலிருந்து தள்ளுவதில்லை. காட்டுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு?

ஆனி மாதத்தில் படம் எடுத்துக்கொண்டு கன்று நட்டுவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆவணிக்குள் குச்சிதான் மிஞ்சும்.

போன ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் கினிப்புல்லை விலக்கினேன். உள்ளே ஒரு வீரைக் கன்று, நாலு விரல் உயரம். புதிதாக முளைத்தது என்று நினைத்துக் கிழிசல் கட்டக் குனிந்தேன். அடியில் உளுத்த குச்சியொன்றில், நிறம் போன கிழிசல் ஏற்கெனவே இருந்தது. முதல் வருடம் நான் கட்டியது.