முன்வரிசை நாற்காலி

சுங்கை பட்டாணியில் எங்களுக்கு 'பழைய பாட்டுக்காரர்கள்' என்று பெயர். ஓய்வுபெற்ற வாத்தியார், பழைய கிராணி, லோரி ஓட்டியவர் என்று கலவையான கூட்டம். ஆளுக்கொரு தே தாரிக்கோடு உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மேடையில் பாடி நடித்த பெண்களிடம்தான் வந்து நிற்கும். பாலாமணி அம்மாளைப் பற்றி ஒருவர் ஆரம்பிப்பார். கும்பகோணத்தில் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர்; அவர் நாடகத்துக்குக் கூட்டத்தை ஏற்றிவந்த ரயிலையே 'பாலாமணி ஸ்பெஷல்' என்றார்களாம். இன்னொருவர் டி.பி. ராஜலட்சுமியை விட்டுக்கொடுக்க மாட்டார். நாடகத்தில் வளர்ந்து, 1931-இல் 'காளிதாஸ்' படத்தின் நாயகியாகி, 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தானே இயக்கிய பெண் அவர். கடைசியில் கே.பி. சுந்தராம்பாள் வருவார். அங்கே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் அவரை நேரில் கேட்டவன் அல்லவா?

கேட்டதில்லை. பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்தது பொய்.

அந்தப் பொய்யை முழுதாகவே எழுதிவிடுகிறேன். எழுபதுகளில் 'சிதம்பரம்' கப்பலில் தமிழ்நாடு போனேன். கரூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் கே.பி.எஸ். பாடினார், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன், மைக் கிடையாது, கூட்டத்துக்குப் பின்னால் மாட்டுவண்டியில் படுத்திருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டான். இதில் கப்பல் உண்மை, கரூருக்குப் போனதும் உண்மை. மீதியில் நாற்காலி என் கற்பனை, மற்றவை என் தாத்தாவுடையவை.

தாத்தாவுக்குச் சொந்த ஊர் கரூர்ப் பக்கம். சுந்தராம்பாளின் ஊரான கொடுமுடி அங்கிருந்து தூரமில்லை என்பதால் அவரை 'எங்கூருப் பொண்ணு' என்றே சொல்வார். சுந்தராம்பாளின் கணவரும் மேடை ஜோடியுமான கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் தேதி இறந்தார், இருபத்தேழு வயதில். அதற்கடுத்த ஆண்டு தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கெடாவுக்குப் பால்மரம் வெட்ட வந்தார். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்: "அவரும் போயிட்டாரு, நானும் போயிட்டேன்."

புறப்படுவதற்கு முன் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் நடித்த 'வள்ளி திருமணம்' நாடகத்தைத் தாத்தா ஒருமுறை பார்த்திருந்தார். பார்த்தார் என்பதுகூட தப்பு. தரை டிக்கெட், எதிரே பந்தக்கால். "மூஞ்சியே தெரியலடா, கொரலு மட்டுந்தான்" என்பார். நான் செய்த திருட்டு நுட்பமானது: பந்தக்காலைப் பிடுங்கிவிட்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

என் காலத்து உண்மையையும் சொல்ல வேண்டும். சுந்தராம்பாள் நடித்து 1953-இல் வந்த 'ஔவையார்' படம் பிறகு எங்கள் தோட்டத்துத் திடலுக்கும் வந்தது. லயமே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அவர் பாடத் தொடங்கினால் நான் கச்சாங் விற்பவரிடம் ஓடிவிடுவேன். எனக்கு வேண்டியது எம்.ஜி.ஆரின் கத்திச்சண்டை. கரூர் போயிருந்தபோது சுந்தராம்பாள் உயிரோடுதான் இருந்தார், 1980-இல்தான் காலமானார். நான் அவரைத் தேடக்கூட இல்லை. திருச்சியில் தியேட்டர் தியேட்டராகச் சுற்றினேன்.

அவர் இறந்த பிறகு, பினாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய இசைத்தட்டில்தான் காது திறந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனால் மற்றவர்களுக்குக் குரல் மெலியும். இவருக்கு அங்கேதான் கனம் கூடுகிறது. அதன் பின் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1908-இல் பிறப்பு, சிறுமியாக நாடகக் கம்பெனியில் ஆண் வேஷம், 1926-இல் இலங்கையில் கிட்டப்பாவோடு மேடை, மறு ஆண்டு திருமணம். அவர் இறந்தபின் வெள்ளைப் புடவை. 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம், கொடுத்தார்களாம். அந்தக் காலத்தில் அது வாய் பிளக்க வைக்கும் தொகை. அவர் நடிக்க விருப்பமில்லாமல்தான் அவ்வளவு கேட்டிருப்பார் என்பது என் ஊகம். பிறகு ஔவை, கவுந்தி அடிகள் என்று வயதான வேஷங்களிலேயே நாட்டுக்குப் பழகிப்போனார். 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ. இவ்வளவும் தெரிந்த ஒருவனிடம் "நேர்ல கேட்டிருக்கீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அதே 1908-இல் நியூயார்க்கில் பிறந்த எத்தல் மெர்மனும் மைக் வேண்டாத பாடகிதான். 1930-இல் பிராட்வேயில் 'கேர்ள் கிரேசி' என்ற இசை நாடகத்தில் ஒரே சுரத்தை விடாமல் நீட்டிப் பிடித்துப் புகழ் பெற்றவர். 1959-இல் அவர் 'ஜிப்ஸி'யில் நடித்ததை நேரில் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளும் கிழவர்கள் எல்லோரும் உண்மையிலேயே போயிருந்தால் அந்த அரங்கம் கொண்டிருக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம். என் இனத்தார் எங்கும் இருப்பார்கள்.

பொய் ஒருநாள் தடுக்கியது. கெடா நாடகங்களைப் பற்றி ஆய்வு செய்யும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டார்: "ஐயா, எழுபதுகள்ல திருவிழாக் கச்சேரி மைக் இல்லாமலா நடந்துச்சு?" தாத்தாவின் காலத்தை என் காலத்தில் ஒட்டியதால் வந்த விரிசல். "கரண்ட் போயிடுச்சும்மா" என்றேன். கூட்டம் கைதட்டியது. அந்த மின்வெட்டு ஒரு விழா மலரில் என் பெயரோடு அச்சாகியும்விட்டது.

அவர் அடுத்துக் கேட்டதற்குச் சொன்ன பதில்தான் இதைவிடக் கேவலம். "உங்க தோட்டத்துல நாடகம் போட்டிருக்காங்களா?" "அதெல்லாம் பெரிசா ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

ஒன்றுமில்லையா? மாரியம்மன் திருவிழா முடிகிற இரவில் கோயிலுக்குப் பக்கத்தில் பலகை மேடை கட்டுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி'. பெண்ணை மேடையேற்ற எந்த வீட்டிலும் சம்மதிக்கவில்லை. வள்ளி ஒரு பால்மரம் வெட்டுகிறவர். மாலை முழுக்க முகச்சவரம் செய்து, மனைவியின் புடவை கட்டி, தினைப்புனத்துப் பரணில் ஏறி விடியும்வரை நாரதரோடு தர்க்கம் பண்ணுவார். விடிந்ததும் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பார், கண்ணில் மை கலையாமல். அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் என் தாத்தா. "சுந்தராம்பா இந்த எடத்துல மூச்சு வுடமாட்டா, நீ வுடாத" என்று லயத்து வாசலில் உட்கார்ந்து திருத்துவார். அந்த ஒற்றை இரவில் கேட்டதை ஒரு தோட்டக் கலைஞனின் தொண்டைக்குள் கொண்டுபோய் வைத்தார். சுந்தராம்பாள் பாணி எங்கள் தோட்டத்துக்கு வந்தது அந்த வழியாகத்தான். அதை நான் நேரில் பார்த்தேன், கேட்டேன். சாட்சி சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது அதற்கு மட்டும்தான்.

ஏன் சொல்லவில்லை? பட்டணத்துப் பள்ளியில் சேர்ந்த பிறகு, மீசைக்காரன் புடவை கட்டிப் பாடுவதை வகுப்புப் பையன்கள் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வெட்கம் இந்த வயதுவரை கூடவே வந்துவிட்டது. தாத்தா வைத்திருந்த பாட்டு நோட்டு எங்கே போனதென்று நான் விசாரித்ததும் இல்லை. தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி.

அந்த ஆசிரியை என் பேட்டியை ஆய்வில் சேர்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, சேர்க்காதீர்கள். அந்த மலரைப் பாதுகாத்து வைத்திருப்பவர்களும் என் பக்கத்தில் கோடு போட்டுவிடுங்கள். மேடையில் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் நின்றவர்களின் பிள்ளைகள் குரூணிலும் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.