மூர் மார்க்கெட்டுக்கு ஒரு பக்கம்!

ஆர்.கே.பேட்டையில் காலையில் டீக்கு நின்றால் காதில் விழுவது மூன்று பாஷை: தமிழ், தெலுங்கு, விசைத்தறி. மூன்றாவதற்கு மட்டும் ஓய்வே கிடையாது!

திருத்தணி பஸ்ஸுக்கு என்னோடு நின்ற இளைஞர், சென்னையில் வேலை பார்ப்பவர். "ரயில் சென்ட்ரல் போகுமா தம்பி?" என்றேன்.

"மூர் மார்க்கெட் போகும் சார்."

"மார்க்கெட்ல என்ன கிடைக்கும்?"

"மார்க்கெட்டா? அது ஸ்டேஷன் பேரு சார்!"

திருத்தணியில் முருகனுக்குக் கீழே நின்றபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு (365 படி ஏற நேரமில்லை, மன்னிப்பான்) ரயிலேறினோம். ஜன்னலோர சீட் கிடைத்த தெம்பில் நான் ஆரம்பித்தேன். மூர் மார்க்கெட்டுக்குக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கமாவது வேண்டாமா?

"எரிஞ்சு போன கடைக்கு எதுக்கு சார் இடம்? அப்புறம் எங்க ஊர் சந்தைக்கும் கேப்பாங்க" என்றார். நியாயமான கேள்விதான். 'நான் அங்கே பொம்மை வாங்கினேன், அழகாக இருந்தது' என்பதெல்லாம் கலைக்களஞ்சியத்துக்குப் போதாது. எரிந்ததற்காக ஒதுக்கவும் முடியாது. பொம்பெயி நகரம் கி.பி. 79-லேயே எரிமலைச் சாம்பலில் புதைந்துவிட்டது. அதை எந்தக் கலைக்களஞ்சியமாவது விட்டுவைத்திருக்கிறதா?

பதிவில் நிற்கும் சங்கதிகள் இருக்கின்றனவே! பிராட்வேயில் இருந்த மார்க்கெட் சுகாதாரக் கேடாகிப் போனதால், மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டினார். 1900-ல் திறந்தார்கள். சிவப்புக் கட்டடம், நடந்தே சுற்றும் கடைகள். பழைய புத்தகம், இசைத்தட்டு, கிளி, புறா, முயல்... காணாமல் போன செருப்புகூட அங்கே கிடைக்கும் என்பார்கள், அதற்கும் பேரம் பேசவேண்டும்!

ரயில்வேக்கு இடம் வேண்டுமென்று கடைக்காரர்களைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்த காலம். 1985 மே மாதம் தீப்பிடித்தது. எப்படி என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. களஞ்சியத்தில் ஏறவேண்டியது அதுதான் என்பேன். எந்தக் கதைக்கு ஆதாரம் உண்டு, எதற்கு இல்லை என்று யாராவது நடுநிலையாக எழுதிவைக்காவிட்டால் வதந்திதான் வரலாறாகும்.

பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தபோது, மார்க்கெட் ஜேஜே என்று நடந்துகொண்டிருந்தது. கண்ணெதிரே இருப்பதைப் பற்றி எழுதிவைக்க யாருக்கு அவசரம்?

"சார், பேரு மட்டும்தானே மிச்சம்?"

"அதனாலதான் தம்பி. தினம் சீசன் டிக்கெட்ல போய் இறங்குற இடம் என்னன்னு நீங்க தேடினா, பதில் இருக்கணுமில்லே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். அரக்கோணத்தில் கூட்டம் ஏறி எங்கள் இருவரையும் ஜன்னலோடு ஒட்டவைத்தது. கடைக்காரர்களை அப்புறம் பக்கத்திலேயே அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு மாற்றியதையும், எரிந்த கட்டடத்தின் குட்டி மாதிரி ஒன்றைச் செய்து வைத்ததையும் சொன்னேன்.

"பழைய புத்தகக் கடை இன்னும் இருக்கா சார்? தங்கச்சி குரூப் ஃபோர் எழுதுறா."

"இருக்கு. சொல்ற விலையில பாதியிலேருந்து ஆரம்பிங்க!"